பிஸ்டல் பிடிக்கப் பழகிய கை

கைத்துப்பாக்கி சுடுவதில் கண்ணுக்குக் கிடைக்கும் புகழில் பெரும்பகுதி, உண்மையில் நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் சேர வேண்டியது. ஊறுகாய்ப் புட்டியின் மூடியைத் திறக்க முடியாமல் பக்கத்து வீட்டாரை அழைக்கும் அன்பர்களே, குக்கரைத் தூக்கும்போது மணிக்கட்டு ‘களுக்’கென்று ஓசையிடக் கேட்டு அஞ்சும் தோழியரே, இக்கட்டுரை உங்களுக்காகவே எழுதப்படுகிறது. நானும் உங்கள் கூட்டத்தில் ஒருத்தியாக இருந்தவள்தான்.

உத்திரமேரூரில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து பணி நிறைவு பெற்றேன். அதற்கு அடுத்த மழைக்காலத்தில், துணி துவைக்கும் கல்லருகே வழுக்கி விழுந்து வலக்கை மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். மாவுக்கட்டைப் பிரித்தபோது உள்ளே இருந்தது என் கைதான் என்று நம்புவதற்கே சற்று நேரம் ஆயிற்று. வாடிய வெண்டைக்காய்போல் தொங்கியது. மருத்துவர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்துக் காலையும் மாலையும் அமுக்கச் சொன்னார். “பழைய வலுவை எதிர்பார்க்காதீங்க, வயசாயிடுச்சில்ல” என்றும் சொன்னார். என் வயதைக் காரணம் காட்டி எனக்கு மதிப்பெண் குறைத்தவர் அதுவரை எவருமில்லை.

பந்தை அமுக்கினேன். ஆனால், எதற்காகச் செய்கிறோம் என்று விளங்காத எதையும் நெடுநாள் செய்ய எனக்கு வராது. மாணவியரையும் அப்படிச் செய்யச் சொன்னதில்லை. அந்த ‘எதற்காக’ என்ற வினாவுக்கு விடை, வாலாஜாபாத்தில் ஓர் அரிசி ஆலைக்குப் பின்னால் இருந்த பழைய நெல் கிடங்கில் கிடைத்தது.

கன்றுக்குட்டிக் கயிறு

என்னை அங்கே அழைத்துச் சென்றவர் ரெஜினா சிஸ்டர். மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். முன்பு எங்கள் பள்ளிக்குத் தடுப்பூசி போட வந்து பழக்கமானவர். கிடங்கை வாடகைக்கு எடுத்துத் துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடம் நடத்தியவர், ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஊர் திரும்பிய தனசேகரன். எல்லோருக்கும் அவர் ‘மாஸ்டர்’. அங்கே புழங்குவது வெடிமருந்துத் துப்பாக்கி அன்று. அடைத்த காற்றின் விசையால் சிறு ஈயக் குண்டைச் செலுத்தும் ஏர் பிஸ்டல். காற்றுதானே என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு கிலோ அரிசிப் பொட்டலத்தை ஒற்றைக் கையில் ஏந்தி, கையை நேராக நீட்டி, அசையாமல் நின்று பாருங்கள். என் நிலை விளங்கும்.

அடுத்து வரும் தை மாதம் சென்னையில் மாநில அளவிலான மூத்தோர் போட்டி. மகளிர் அணியென்றால் மூவர் வேண்டும். ரெஜினா சிஸ்டரும், தென்னேரியில் நிலமும் கறவை மாடுகளும் வைத்திருக்கும் அம்சவேணியும் ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தார்கள். மூன்றாமவர் மகளோடு இருக்கப் பெங்களூருக்குக் குடிபோய்விட்டார். மூன்றாவது கை ஒன்று கிடைக்காவிட்டால் அணியே இல்லை. அவ்விருவரும் பட்ட பாடு வீண். பேருந்தில் வழியெல்லாம் ரெஜினா சிஸ்டர் இதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார்.

மாஸ்டர் என் முன் வந்து கையை நீட்டினார். ஆடவரோடு கைகுலுக்கும் வழக்கம் எனக்கில்லை. ஆயினும் இது தேர்வு என்று புரிந்ததால் கையைக் கொடுத்து, இயன்ற மட்டும் அழுத்தினேன். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. என் கையைப் புரட்டிப் பார்த்தார்; மெல்ல விடுவித்தார். பிறகு சொன்னார்: “கோச்சிக்காதீங்க டீச்சர். இந்தக் கைய நம்பி கன்னுக்குட்டிக் கயிறகூட குடுக்க முடியாது, துப்பாக்கிய எப்டிக் குடுக்கறது?”

சுண்ணக்கட்டிப் பிடி

கொடுத்தார். ஆனால் குண்டில்லாமல் கொடுத்தார். வெறும் பிஸ்டலைத் தூக்கி, குறி பார்த்து, விசையை அழுத்தி, இறக்கி வைக்க வேண்டும். சித்திரையும் வைகாசியும் இதிலேயே கழிந்தன. குண்டு போட்டுச் சுட அனுமதி கிடைத்த அன்று நான் நல்ல புடைவை உடுத்திச் சென்றேன். சுட்டு முடித்து இலக்கு அட்டையை அருகில் கொண்டுவந்து பார்த்தால், வகுப்புக்கு வராத மாணவியர் மரத்தடியில் கூடி நிற்பதைப்போல, துளைகளெல்லாம் இடது கீழ்மூலையில் ஒன்றாய்க் கூடியிருந்தன. நடுவட்டத்தில் ஒருத்திகூட இல்லை.

காரணத்தை மாஸ்டர் விளக்கினார். பிஸ்டலின் பிடியை உள்ளங்கைக்குள் நேராக இழுத்து நிறுத்த வேண்டியவை நடுவிரலும் மோதிரவிரலும். சுண்டுவிரல் சும்மா ஒட்டியிருந்தால் போதும். கட்டைவிரல் ஓய்வாகக் கிடக்க வேண்டும். சுட்டுவிரலோ விசைக்கு மட்டுமே உரியது. பிடிப்பதில் அது தலையிடவே கூடாது. என் கையில் எல்லாம் தலைகீழாக இருந்தன. காலமெல்லாம் கரும்பலகையில் எழுதிய கை. கட்டைவிரலும் சுட்டுவிரலும் வேலை செய்து செய்து முரடாகிவிட்டன. மற்றவை உடன் நின்று வேடிக்கை பார்த்தே பழகிவிட்டன. விசையை அழுத்தும் நொடியில் அந்த இரண்டு முரடுகளும் சேர்ந்து பிஸ்டலைப் பக்கவாட்டில் தள்ளின. தோள் மட்டும் தேறியது. கையை உயர்த்திப் பிடித்தபடி நெடுநேரம் நிற்பதில் எந்த ஆசிரியையும் ராணுவத்தாருக்கு இளைத்தவள் அல்லள் என்று மாஸ்டரே ஒப்புக்கொண்டார்.

அன்று முதல், உத்திரமேரூர் சந்தையிலிருந்து காய்கறிப் பையை நடுவிரலிலும் மோதிரவிரலிலும் மட்டும் தொங்கவிட்டு வீடுவரை நடந்தேன். முதலில் கீரைக்கட்டு, பிறகு கத்தரிக்காய், ஆடி மாதத்தில் முழுப் பூசணி. எதிரில் வந்த பழைய மாணவியர் பையை வாங்கிக்கொள்ள ஓடிவந்தார்கள். ஒருத்திக்கும் கொடுக்கவில்லை. குண்டு போட்டுச் சுட்ட அந்த முதல் நாளை நினைத்தால் மட்டும் இன்றும் காது சுடுகிறது. இலக்கு அட்டையை நான் திகைத்துப் பார்த்துக்கொண்டு நின்றபோது, அடுத்த தடத்திலிருந்து அம்சவேணி கிடங்கு அதிரச் சிரித்துவிட்டுச் சொன்னாள்: “அது துப்பாக்கி, டீச்சர்! நீங்க இன்னாடான்னா சாக்பீஸ புட்ச்சிக்கினு போர்டுல தேதி எழுதற மாதிரி நிக்கறீங்க!”

வேட்டிக்கு வந்த சோதனை

வீட்டில் செய்ய மாஸ்டர் தந்த பயிற்சிகளுள் எனக்கு மிகவும் உகந்தது, ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது. ஒரு கை முன்னோக்கியும் மறு கை பின்னோக்கியும் திரும்ப வேண்டும். கடைசிச் சொட்டு விழுந்த பின்னும் சற்றுநேரம் அப்படியே இறுக்கி நிற்க வேண்டும். கைக்குட்டையில் தொடங்கித் துண்டுக்கு வந்தேன். துண்டிலிருந்து போர்வைக்கு உயர்ந்தேன். சலவை இயந்திரத்தின் பிழியும் வேலையை அதனிடமிருந்து பறித்து நானே எடுத்துக்கொண்டேன். எங்கள் கொடியில் காய்ந்த துணிகள் அடுத்த வீட்டுத் துணிகளுக்கு முன்பே காய்ந்தன என்பதை இங்கே அடக்கத்தோடு பதிவு செய்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை என் கணவரின் எட்டு முழ வேட்டி கைக்கு அகப்பட்டது. அவர் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேட்டியின் கரை மடிப்புக் கலையாமல் உடுத்துபவர். முறுக்கினேன், இன்னும் முறுக்கினேன், ‘சர்ர்’ என்று ஓர் ஓசை. பிரித்துப் பார்த்தால், கரையை ஒட்டி அளவுகோல் வைத்துக் கிழித்தாற்போல் நேராகக் கிழிந்திருந்தது. மருத்துவர் வராது என்று சொன்ன வலு வந்துவிட்டது! அந்த மகிழ்ச்சியில் வேட்டியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கே ஓடினேன். அவர் நாளிதழை மடித்து வைத்தார். கிழிசலின் வழியே என்னைப் பார்த்தார். “கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என்னைக்கூட நீ இப்டிப் பிழிஞ்சதில்லியேம்மா, என் வேட்டி இன்னா பாவம் பண்ணிச்சி?” என்றார்.

நெல்லும் அரிசியும்

பிடிக்கும் தசைக்குப் பயிற்சி கொடுத்தால் மட்டும் போதாது. விரலை விரிக்கும் தசைக்கும் கொடுக்க வேண்டும். இல்லையேல் கை ஒருபக்கமாய் வளர்ந்து நோவெடுக்கும். இதற்கு மாஸ்டர் சொன்ன வழி: வாயகன்ற பாத்திரத்தில் அரிசியை நிரப்பி, கையை மணிக்கட்டு வரை புதைத்து, உள்ளேயே விரலை விரித்து மூடிப் பழகுவது. சோறாக வேண்டிய அரிசிக்குள் கையை விட்டுக் கிளற எனக்கு மனம் ஒப்பவில்லை. மேலும், அரிசியைவிட நெல் சொரசொரப்பானது. ஆகவே தடை மிகுதி. ஆகவே பயன் மிகுதி என்று நானே முடிவு கட்டினேன். அம்சவேணியிடம் ஒரு மூட்டை நெல் வேண்டும் என்றேன். எதற்கென்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆலையில் அரைத்துச் சாப்பிடத்தான் கேட்கிறேன் என்று எண்ணி, தென்னேரியில் அந்தப் பட்டத்தில் விளைந்ததில் நல்ல நெல்லாகப் பார்த்து அனுப்பிவைத்தாள்.

அண்டாவில் கொட்டி, காலையும் மாலையும் முழங்கை வரை புதைத்துக் கிளறினேன். நெல்லின் சுணை என்று ஒன்று உண்டு என்பதை, நெல் விளையும் ஊரில் பிறந்து வளர்ந்த நான் அறியாதவள் அல்லேன். ஆனால் தத்துவம் சரியாக இருந்தால் சுணை என்ன செய்துவிடும் என்று இருந்துவிட்டேன். அந்த வார முடிவில் இரு கைகளும் சிவந்து தடித்து, பிஸ்டலைப் பிடிப்பதா, சொறிந்துகொள்வதா என்ற நிலைக்கு வந்தன. அம்சவேணிக்குச் செய்தி எட்டியதும், “எம் நெல்லையா? கைய வுட்டா?” என்று இரண்டே கேள்வி கேட்டுவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டாள். ரெஜினா சிஸ்டர் என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, களிம்பு தடவி, மருத்துவமனைக் குரலில் சொன்னார்: “முப்பது வருசம் பி.பி. பாக்கற மிஷின் பல்பை அமுக்கி அமுக்கி எனக்கு இந்தக் கை வந்துச்சு, டீச்சர். நீங்க பேசாம அந்த நெல்லை அரைச்சு சாப்டுங்க, உள்ளேர்ந்து பலம் வரட்டும்.”

பின்வரிசையில் யார்?

கைவலு ஓரளவு வந்த பின்னும் என் குண்டுகள் நடுவட்டத்துக்கு நேர்கீழே இறங்கிக்கொண்டிருந்தன. பிடி சரியாகத்தான் இருக்கிறது. பிறகேன் என்று மாஸ்டர் பக்கத்தில் நின்று கவனித்தார். விசை அழுந்தியதும், குண்டு குழாயை விட்டு வெளியேறும் முன்பே நான் கையைத் தளர்த்திவிடுகிறேன். அதுமட்டுமன்று, கை தளரும்போதே தலை பின்பக்கம் திரும்புகிறது. கரும்பலகையில் ஒரு வரியை முடித்தவுடன் சட்டென்று திரும்பி வகுப்பைப் பார்ப்பது ஆசிரியரின் பிழைப்பு. திரும்பாதவர்களின் முதுகில் என்னென்ன வந்து விழும் என்பதை ஆசிரியத் தோழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பழக்கம் பள்ளியோடு நின்றுவிட்டது என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் தலையோடு தோளும் திரும்பியது. தோளோடு கையும் திரும்பத் தொடங்கியது. குழாய் எப்போதும் இலக்கையே பார்த்திருக்க வேண்டும் என்பது சுடுகூடத்தின் முதல் விதி. அதில் மன்னிப்புக் கிடையாது. “டீச்சர்! குழாய் முன்னால!” என்று மாஸ்டர் போட்ட சத்தத்தில் கூரையிலிருந்த புறாக்கள் பறந்தன. என்னை அன்று முழுவதும் நாற்காலியில் உட்கார வைத்தார். நான் எத்தனையோ பேரை நிற்க வைத்திருக்கிறேன்; உட்கார வைப்பது அதைவிடக் கடுமையான தண்டனை என்பதை அன்றுதான் அறிந்தேன். பிறகு எனக்கு நானே ஒரு விதி வகுத்தேன்: சுட்ட பின், வல்லின எழுத்து ஆறையும் மனத்துக்குள் சொல்லி முடிக்கும் வரை பிடி தளராது, பார்வை நகராது. ஒரே வாரத்தில் குண்டுகள் மேலே ஏறிவந்தன. ஆனால் அந்த நாற்காலி நாளில், கிடங்கு மூலையில் கிடந்த பழைய மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கியிருந்த அம்சவேணி, தலையை மட்டும் வெளியே நீட்டிச் சொன்னதை மாஸ்டர் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்: “பின்னாடி யாரும் பேசல டீச்சர், நாங்கல்லாம் நல்ல பொண்ணுங்கதான்!”

விரல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை

ஐப்பசியில் அணியின் பெயர்களை அனுப்பியாக வேண்டும். அதனால் புரட்டாசியில் நான் பயிற்சியை இரட்டிப்பாக்கினேன். நியாயவிலைக் கடை வரிசையில் நிற்கும்போது கையில், அமுக்கி அமுக்கி விடும் ஸ்பிரிங் கிரிப்பர். பேருந்தில் கிரிப்பர். கோயில் பிராகாரம் சுற்றும்போதும் முந்தானைக்குள் கிரிப்பர். அதன் ‘கிறீச்’ ஒலியைக் கேட்டு அர்ச்சகர் இருமுறை எலியைத் தேடினார். வீட்டுக்கு வந்தால், துடைப்பக்கட்டையில் கயிறு கட்டி, கயிற்றில் செங்கல் தொங்கவிட்டு, மணிக்கட்டால் சுருட்டிச் சுருட்டி மேலே ஏற்றுவது. ஓய்வு நாள் என்று மாஸ்டர் குறித்துக் கொடுத்த நாள்களில்தான் இன்னும் கூடுதலாகச் செய்தேன். நன்றாகப் படிக்கும் பிள்ளை விடுமுறையிலும் படிக்குமல்லவா?

முடிவு, முழங்கையில் வலி. பிஸ்டலைத் தூக்கினால் குழாய் நுனியில் இருக்கும் முன்குறி கொசுவைப்போல் ஆடியது. ஒரு நாள் தூக்கவே முடியவில்லை; மேசைமேல் வைத்துவிட்டேன். ரெஜினா சிஸ்டரும் அம்சவேணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேலி பேசாத அம்சவேணியைப் பார்ப்பது வலியைவிடப் பொறுக்க முடியாததாய் இருந்தது. என் கை போனால் போகட்டும். அவர்களுடைய அணி என் கையால் போகலாமா?

மாஸ்டர் கிரிப்பரை வாங்கித் தம் பையில் போட்டுக்கொண்டார். இரண்டு வாரம் எதையும் பிடிக்கக் கூடாது, வெந்நீர் ஒத்தடம் மட்டும் என்றார். ஓய்வெடுத்து வந்த பின் அளவைக் கற்பித்தார்: கை நடுங்கும் வரை இறுக்கு, பிறகு நடுக்கம் நிற்கும் வரை தளர்த்து, நின்ற இடம்தான் உன் பிடி. வலு கூடக் கூட அந்த இடம் தானே உயரும். ஆனால் எப்போதும் உச்சிக்குச் சற்றுக் கீழேதான் இருக்கும். பெயர் அனுப்பும் நாளில், நடுவட்டத்துக்குப் பத்து என்ற கணக்கில், ஒவ்வொரு குண்டையும் எட்டுக்குக் குறையாமல் சுட்டேன். மூன்றாவது பெயராக என் பெயரை எழுதினார். ஓய்வு நாளைத் தவிர்த்ததற்காக அவர் என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “பசங்களுக்கு ஞாயித்துக்கெழம லீவு வுட்டீங்களா இல்லியா டீச்சர்? வெரலுங்களும் பசங்கதான், அதுங்களுக்கும் வுடுங்க.”

வளையல் ஏறாத கை

சுடும் கையில் வளையல் கூடாது. கை உயரும்போது வளையல் முழங்கைப் பக்கம் சரியும், கனம் மாறும், ஓசை வரும். ஆகவே வலக்கை வளையல்களைக் கழற்றி வைத்தேன். எங்கள் வீட்டு விசேஷம் ஒன்றில் இதை முதலில் கண்டவர் என் நாத்தனார். சுமங்கலியின் கை மொட்டையாய் இருப்பதா என்று பந்தியில் நாலுபேர் காதில் விழும்படி விசாரித்தார். “இடக்கை நிறைய இருக்கிறது, வலக்கைக்கு வேலை இருக்கிறது” என்று விடை கூறிவிட்டு வந்தேன். ஆனால் மார்கழியில் உறவினர் ஒருவருக்குச் சீமந்தம். அதற்காவது வலக்கையிலும் போட்டுக்கொள்ளலாமென்று பழைய வளையலை எடுத்தால், கட்டைவிரல் மேட்டைத் தாண்ட மறுத்தது.

கடைவீதியில் வளையல்கடை பாய் எனக்குப் பல்லாண்டாய் வளையல் போட்டுவிடுபவர். அளவைக் கேட்கவே மாட்டார். வழக்கமான அளவை எடுத்தார், ஏறவில்லை. சோப்பு நுரை தடவினார், ஏறவில்லை. வளையல்காரர்கள் செய்வதுபோல் என் உள்ளங்கையை இரு கைகளாலும் குவித்து மடித்துப் பார்த்தார். முன்பெல்லாம் மடிந்து கொடுத்த கை இப்போது மடியவில்லை. மருத்துவர் கைவிட்ட கை! கடையில் நின்ற பெண்களெல்லாம் பார்க்க, நான் அதைக் கண்ணாடிப் பெட்டியின்மேல் பெருமிதத்தோடு வைத்துக்கொண்டு நின்றேன். பாய் தம் விரல்களை உதறிக்கொண்டே சொன்னார்: “போன வருசம் பஞ்சாட்டம் மடங்கிச்சி டீச்சரம்மா, இப்போ நான் அமுக்குனா என் கைதான் நோவுது. பெரிய சைஸே எடுத்துக்குங்க, வூட்ல அய்யாவ கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கச் சொல்லுங்க!”

இறக்கி வைத்த குறிகள்

தை வந்தது, சென்னை சென்றோம். மற்ற அணியினர் ஒரே நிறத்தில் சீருடை அணிந்து, சொந்தப் பிஸ்டலைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். எங்கள் மூவருக்கும் கிடங்கின் பிஸ்டல் இரண்டு. அம்சவேணி வீட்டுக் கட்டுச்சோறு ஒரு கூடை. என் தோழியர் இருவரும் காலைப் பிரிவில் சுட்டு முடித்தார்கள். ரெஜினா சிஸ்டர் வழக்கம்போல் பிசகில்லாமல் சுட்டார். அம்சவேணி தொடக்கத்தில் தடுமாறிப் பிறகு மீண்டாள். நான் கடைசிப் பிரிவு. மூவரின் மதிப்பெண்ணும் கூட்டப்படும். எவ்வளவு தேவை என்பதை என்னிடம் யாரும் சொல்லக் கூடாது என்பது மாஸ்டரின் கட்டளை.

நான் சுட்டுக்கொண்டு வந்தேன். எட்டும் ஒன்பதுமாய் விழுந்தன. இரண்டு பத்துகளும் விழுந்தன. கடைசிக் குண்டுக்குப் பிஸ்டலை உயர்த்தியபோது, தடுப்புக் கயிற்றுக்குப் பின்னால் அரங்கம் திடீரென்று அமைதியாகிவிட்டதை உணர்ந்தேன். அந்த அமைதியே எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. என் கை தானாக இறுகியது. ஓராண்டாய்ச் சேர்த்த வலு முழுவதும் ஒரே நேரத்தில் விரல்களுக்கு வந்து சேர்ந்தது. நகங்கள் வெளுத்தன, முன்குறி ஆடத் தொடங்கியது. சுட்டுவிட்டால் முடிந்துவிடும். தொடங்கிய வரியை முடிக்காமல் நான் ஒருநாளும் கரும்பலகையை விட்டு வந்தவளல்லேன். ஆயினும் இறக்கினேன். மேசைமேல் வைத்து, விரல்களை விரித்து உதறி, மீண்டும் உயர்த்தினேன். மீண்டும் ஆடியது, மீண்டும் இறக்கினேன். பக்கத்துத் தடங்களில் இருந்தவர்கள் ஒவ்வொருவராய் முடித்துப் பின்னுக்கு நகர்ந்தார்கள். திரையில் நேரம் கரைந்துகொண்டிருந்தது. மூன்றாம் முறையும் உயர்த்தி, மூன்றாம் முறையும் இறக்கினேன். பின்னாலிருந்து “தாயே, சுட்ரு தாயே” என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. அது அம்சவேணியா என்று கேட்கத் தேவையில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

நான்காம் முறை உயர்த்தியபோது கை அமைதியாக இருந்தது. பிடியில் இறுக்கமும் இல்லை, தளர்ச்சியும் இல்லை. விசை எப்போது அழுந்தியது என்று எனக்கே தெரியவில்லை. ஒன்பது. நேரம் முடிந்ததற்கான ஒலி அதன் பின்னாலேயே எழுந்தது. எட்டு விழுந்திருந்தால் நாங்கள் நான்காம் இடம். ஒன்பது விழுந்ததால் மூன்றாம் இடம். மூவரில் என் மதிப்பெண்ணே குறைவு. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அது இல்லாமல் அங்கே கூட்டுவதற்கு ஓர் அணி இல்லை என்பதையும் மறைக்கப் போவதில்லை. வெண்கலப் பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, ரெஜினா சிஸ்டர் அழுதுகொண்டே என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். அது அவருக்குக் கைவந்த அன்பு. மாஸ்டர், “நீங்க சுட்டது ஒரு பக்கம் இருக்கட்டும் டீச்சர். கடைசியில மூணு வாட்டி சுடாம எறக்கி வெச்சீங்க பாருங்க, அதுக்குத்தான் இந்த மெடலு” என்றார். கட்டுச்சோற்றுக் கூடையைப் பிரித்துக்கொண்டிருந்த அம்சவேணி நிமிர்ந்து பார்த்தாள்: “அப்போ காலைல நானு ஒண்ணு வுடாம அம்புட்டும் சுட்டுத் தள்ளினேனே மாஸ்டர், அத்த இன்னா கணக்குல வெக்கறது?”

ஆக, மெலிந்த கை படைத்த அன்பர்களே, கைக்கு வலு ஏற்ற ஓராண்டு போதும். ஏறிய வலுவில் கொஞ்சத்தைப் பயன்படுத்தாமல் வைத்திருக்கக் கற்றுக்கொள்ளத்தான் ஒரு முழு ஆயுள் தேவைப்படுகிறது.